தில்லை மரமும் இந்தோ-ஐரோப்பியத் தாயகமும்: இயற்கைச் சொற்கள் புவியியல், தட்பவெப்பச் சான்றாவதன் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தாயகத்தைத் தேடியோர் மரம், விலங்கு, மீன், பருவம், ஆறு ஆகியவற்றின் பெயர்களைச் சான்றாகக் கொண்டனர். இச்சான்று எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்லும் மரமும் இடமும் ஒருசேர அறியப்பட்ட ஒரு களத்தில் சோதித்துப் பார்ப்பதே முறை. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை அத்தகைய களம். கடலூர், சிதம்பரம் பகுதியின் இடப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் சங்க இலக்கியத் திணை மரபையும் கொண்டு இம்முறையின் எல்லைகளை வரையறுத்து, அவ்வரையறையால் இந்தோ-ஐரோப்பியத் தாயகக் கருதுகோள்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இயற்கைச் சொல் நிலத்தின் வகையைச் சொல்லும். காலத்தையும் காரணத்தையும் சொல்லாது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: தாயகம், மூலமொழி, தில்லை, பிச்சாவரம், திணை, தொல் திராவிடம், தட்பவெப்பம்.

முன்னுரை

1786ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் ஆற்றிய உரையில் வில்லியம் ஜோன்ஸ், சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். 1813இல் தாமஸ் யங் 'இந்தோ-ஐரோப்பிய' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். 1816இல் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் எனக் காட்டினார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதனை விரிவாக நிறுவியது. குடும்பம் என்ற கருத்து ஏற்கப்பட்டவுடன், அக்குடும்பம் முதலில் எங்கு வாழ்ந்தது என்ற வினாவும் உடன் எழுந்தது.

இவ்வினாவுக்கு எழுத்துச் சான்று விடை தராது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்ட முதற்சான்றுகள் கிடைக்கும் காலத்தில் மூலமொழி பல கிளைகளாகப் பிரிந்துவிட்டிருந்தது. எனவே கிளைமொழிகளின் இனச்சொற்களைக் கொண்டு மூலமொழியின் சொற்களை மீட்டுருவாக்கி, அச்சொற்கள் காட்டும் மரங்களும் விலங்குகளும் பருவங்களும் எந்நிலத்தில் ஒன்றாகக் காணப்பட்டன எனத் தேடும் முறை உருவாயிற்று. சுவிட்சர்லாந்து அறிஞர் அடால்ஃப் பிக்தே 1859 முதல் 1863 வரை வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் கையாண்டார். இக்கட்டுரையில் இம்முறை 'சொல்வழித் தொல்லாய்வு' எனப்படுகிறது.

இம்முறையின் அடிப்படை எளிது: ஒரு மக்கள் அறியாத பொருளுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பெயர் வைத்திருந்தால் அப்பொருளை அறிந்திருந்தார்கள். இவ்வெளிமையே இதன் வலிமையும் குறையும் ஆகும். திராவிட மொழிகளின் தொன்மை பற்றிய நம் ஆய்வுகளும் இதே முறையைப் பயன்படுத்துவதால், இதன் வரம்பை அறிவது தமிழ் ஆய்வாளர்க்கு அயலார் சிக்கல் அன்று.

தில்லை: அறியப்பட்ட ஒரு களம்

மூலமொழிச் சொற்களைப் பொறுத்தவரை சொல் மட்டுமே நம் கையில் உள்ளது, இடம்தான் தேடப்படுவது. முறையைச் சோதிக்க வேண்டுமாயின் சொல், அது குறிக்கும் பொருள், இடம் மூன்றும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில், கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடியபோது இவ்வூர் தில்லை எனப்பட்டது. தில்லை என்பது தாவரவியலார் எக்ஸ்கோகேரியா அகலோச்சா என வழங்கும் மரம். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பால் கண்ணிற்பட்டால் பார்வையைக் கெடுக்கும். நடராசர் கோயிலின் தலமரமாக இது போற்றப்படுகிறது. ஆயின் இன்று ஊரைச் சுற்றிலும் உள்ளவை நெல்வயல்களே. தில்லை மரம் இயல்பாக வளர்வதைக் காண ஊருக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குச் செல்ல வேண்டும்.

அலையாத்திக் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இடம் உண்டு. நாள்தோறும் ஓதம் ஏறியிறங்கும் நீர்க்கரையில் சுரபுன்னை நிற்கும். தில்லையோ பெரும்பாலும் நிலத்தை ஒட்டிய உள்விளிம்பில், உவர்நீர் எப்போதேனும் எட்டும் மேட்டில் வளரும். ஆகவே 'தில்லை' என்ற ஊர்ப்பெயர் கழிமுகச் சதுப்பின் உட்கரையைச் சுட்டுகிறது. இவ்விடத்தில் சொல்வழித் தொல்லாய்வு வெற்றி பெறுகிறது. மண்ணைத் தோண்டாமலே, இன்று வயலாக உள்ள நிலத்தின் அருகே ஒரு காலத்தில் உவர்நீர்ச் சதுப்பு இருந்தது எனச் சொல்லத் தக்க கருதுகோளை ஒரு பெயர் தருகிறது.

ஆனால் அடுத்த இரண்டு வினாக்களுக்கு அப்பெயரிடம் விடை இல்லை. முதலாவது, அச்சதுப்பு எப்போது இருந்தது? 7ஆம் நூற்றாண்டில் பெயர் வழக்கில் இருந்தது என்பதே நாம் அறிவது. பெயர் இடப்பட்டது அதற்கு நூறாண்டு முன்னரா ஆயிரம் ஆண்டு முன்னரா என்பதைப் பெயர் சொல்லாது. மரம் மறைந்த பின்னரும் பெயர் நின்றது என்பதே இன்றைய நிலை காட்டும் உண்மை.

இரண்டாவது, அச்சதுப்பு ஏன் மறைந்தது? கொள்ளிடமும் வெள்ளாறும் கொணர்ந்த வண்டலால் கரை கிழக்கே நகர்ந்திருக்கலாம். மனிதர் செய்த மாற்றமும் காரணமாகலாம். முதலாம் பராந்தகன் காலத்தில் (907-955) அவனது வீரநாராயணன் என்னும் பெயரால் அமைந்த வீராணம் ஏரி, கொள்ளிடத்து நீரை வடவாறு வழியே பெற்றுக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதி வயல்களுக்கு அளித்தது. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. நன்னீர்ப் பாசனமும் நெல்வயலும் பெருகிய இடத்தில் உவர்நிலத் தாவரம் குறைவது இயல்பு. கடல் பின்வாங்கியது, காடு திருத்தப்பட்டது என்னும் இரு விளக்கங்களுக்கும் 'தில்லை' என்ற சொல் சமமாகவே இடம் தருகிறது. இவற்றுள் எது உண்மை, எது எவ்வளவு என்பதை அடிமண் படிவும் அதில் புதைந்த மகரந்தத் துகள்களும் அவற்றின் காலக்கணிப்புமே சொல்ல முடியும்.

எனவே தில்லையிலிருந்து பெறும் முதல் விதி இது: சொல் நிலத்தின் வகையைக் காட்டும், காலத்தையும் காரணத்தையும் மண்ணே காட்ட வேண்டும்.

பெயர்களின் பயணம்

திருச்சிராப்பள்ளியில் தில்லைநகர் என ஒரு குடியிருப்புப் பகுதி உள்ளது. அங்குக் கழிமுகமும் இல்லை. அலையாத்திக் காடும் இல்லை. பெயர் சிதம்பரத்தின் புகழால் அங்குச் சென்றது. மரத்தின் வழியாகச் செல்லவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் ஓர் ஆய்வாளர் பெயரை மட்டுமே கொண்டு காவிரியின் நடுப்பகுதியில் கடல் இருந்தது என முடிவு கூறினால் அது தவறாகும்.

இப்பகுதியின் மற்றொரு பெயர்க்கூறு புலியூர். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்னும் பெயர் உண்டு. கடலூரின் பழைய பகுதி திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரம் பின்னதன் தலமரம். இரண்டு ஊர்களின் தலபுராணங்களும் புலியைப் புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதரோடு இணைக்கின்றன. இப்பெயர்கள் இக்கடற்கரையில் புலி வாழ்ந்ததற்குச் சான்றா, அன்றி முனிவர் கதைக்குச் சான்றா? தில்லையைப் பொறுத்தவரை பிச்சாவரத்தில் வாழும் மரம் பெயரை உறுதி செய்கிறது. புலியைப் பொறுத்தவரை அத்தகைய தனிச்சான்று வேண்டும். எலும்பு போன்ற தொல்லுயிர்ச் சான்று கிடைக்கும்வரை புலியூர் என்பது ஒரு வினா மட்டுமே. ஒரே ஊரின் இரு பெயர்களுள் ஒன்று சூழலியல் சான்றாகவும் மற்றொன்று ஐயத்துக்குரியதாகவும் அமைவது, பெயர்களை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் கூடா என்பதை உணர்த்துகிறது.

ஆற்றுப்பெயர்களும் அவ்வாறே. கடலூர் மாவட்டத்தில் பாயும் வெள்ளாறு ஒன்று. புதுக்கோட்டைப் பகுதியில் பாய்ந்து கடலில் கலக்கும் வெள்ளாறு மற்றொன்று. கடலூருக்கு அருகே கடலில் சேரும் தென்பெண்ணையும் ஆந்திரத்தில் பாயும் வடபெண்ணையும் கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி வெவ்வேறு திசைகளில் செல்கின்றன. கூடல் என்பது ஆறுகள் கூடும் இடத்துக்குரிய பொதுப்பெயர். கூடலூர் என்ற பெயர் கடலூருக்கும் உண்டு, நீலகிரியிலும் தேனி மாவட்டத்திலும் உள்ள ஊர்களுக்கும் உண்டு. ஒரே மொழியைப் பேசுவோர் ஒத்த நிலக்கூறுகளுக்கு ஒத்த பெயரிடுவர். பெயர் இருமுறை வருவதால் மக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றனர் என்பது தானே பெறப்படாது.

இந்தோ-ஐரோப்பிய ஆய்வில் இதற்கு இணையான சிக்கல் சரசுவதி. வேதத்தின் சரசுவதியும் அவெஸ்தா மொழியின் ஹரக்ஸ்வைதியும் ஒலியளவில் நேரான இனச்சொற்கள். பின்னது தெற்கு ஆப்கானித்தானப் பகுதியைக் குறிக்கும். சரயுவும் ஹெராத் பகுதியின் பழம்பெயரான ஹரோய்வாவும் அவ்வாறே ஒப்பிடப்படுகின்றன. இப்பெயர்கள் மேற்கிலிருந்து கிழக்கே வந்தன என ஒரு சாராரும், கிழக்கிலிருந்து மேற்கே சென்றன என மற்றொரு சாராரும் வாதிடுவர். பெயர் இணை மட்டும் திசையைச் சொல்வதில்லை. நீர்நிலைகள் நிறைந்தது என்னும் பொருளுடைய ஒரு பெயரை இரு ஆறுகளுக்குத் தனித்தனியே இட்டிருக்கவும் கூடும். இரண்டு வெள்ளாறுகளை அறிந்த நமக்கு இது புதிதன்று.

பொருள் மாறும் சொற்கள்

தாயக ஆய்வின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பீச் மரம். இலத்தீனின் ஃபாகுஸ், ஜெர்மானியத்தின் பூகெ ஆகிய சொற்கள் பீச் மரத்தைக் குறிக்கும். இன்றைய கலினின்கிராட்டிலிருந்து கருங்கடல் நோக்கி ஒரு கோடு வரைந்தால் அதன் கிழக்கே ஐரோப்பியப் பீச் மரம் இயல்பாக வளர்வதில்லை. ஆகவே தாயகம் அக்கோட்டுக்கு மேற்கே என்று வாதிடப்பட்டது. இவ்வாதத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. கிரேக்கத்தில் இதன் இனச்சொல்லான ஃபேகோஸ் ஒருவகைக் கருவாலி மரத்தைக் குறிக்கிறது. எனவே மூலப்பொருள் எது என்பது உறுதியன்று. மேலும் மரங்களின் எல்லை நிலையானதன்று. பனியூழிக் காலத்தில் தெற்கே ஒடுங்கியிருந்த பீச் மரம் அதன் பின்னர்ப் படிப்படியாகவே வடக்கே பரவியது என்பதை மகரந்தத் துகள்கள் காட்டின. இன்றைய காட்டு வரைபடத்தின்மேல் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய சொல்லை வைத்துப் பார்ப்பது, இன்றைய சிதம்பரத்து வயல்களின்மேல் 'தில்லை'யை வைத்துப் பார்ப்பது போன்றது.

சால்மன் மீனின் கதையும் இதுவே. ஜெர்மானியத்தின் லாக்ஸ், லித்துவேனியத்தின் லாஷிஷா ஆகியவை சால்மனைக் குறிப்பதால் தாயகம் பால்டிக் கடலைச் சார்ந்தது எனக் கருதப்பட்டது. பின்னர்ச் சீனத்தின் வடமேற்கில் வழங்கி மறைந்த தொக்காரிய மொழியில் இதே சொல் பொதுவாக மீன் என்னும் பொருளில் கிடைத்தது. மூலச்சொல் கருங்கடல், காசுப்பியன் ஆறுகளில் வாழும் வேறோர் இன மீனையும் குறித்திருக்கக்கூடும் என்ற விளக்கம் எழுந்தது. பால்டிக் வாதம் வலுவிழந்தது.

பூர்ச்ச மரம் சற்று மாறுபட்டது. சமற்கிருதத்தின் பூர்ஜ, லித்துவேனியத்தின் பெர்ஷாஸ், ஆங்கிலத்தின் பர்ச் ஆகியவை ஒரே மரவகையைக் குறிக்கின்றன. இலத்தீனில் இனச்சொல்லாகக் கருதப்படும் ஃபிராக்சினுஸ் வேறொரு மரத்துக்கு மாறிவிட்டது. இமயத்தின் உயர்பகுதியில் பூர்ச்சம் வளர்வதால் சமற்கிருதத்தில் சொல்லும் பொருளும் நிலைத்தன. புதிய நிலத்தில் பழைய மரம் இருந்தால் சொல் தன் பொருளைக் காக்கும். இல்லாவிடில் வேறு மரத்துக்கு மாறும் அல்லது மறையும். இச்சொல் மூலமொழியாளர் குளிர்ந்த நிலத்தை அறிந்திருந்தனர் எனக் காட்டுகிறது. ஆனால் பூர்ச்சம் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மிகப் பரந்த பரப்பில் வளர்வதால், அப்பரப்பினுள் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவாது.

தமிழில் இதற்கு இணையாகப் 'பனி' என்ற சொல்லைக் காட்டலாம். முன்பனி, பின்பனி எனப் பருவப்பெயராகவும், புல்நுனியில் நிற்கும் துளியாகவும், குளிராகவும் இச்சொல் தமிழில் வழங்குகிறது. இன்று இமயத்தில் பொழியும் உறைபனிக்கும் துருவப் பனிப்பாறைக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இன்றைய அகராதியை மட்டும் கொண்டு தமிழரின் முன்னோர் உறைபனி பொழியும் நிலத்தில் வாழ்ந்தனர் என ஒருவர் வாதிட்டால் நாம் ஏற்கமாட்டோம். அவ்வாறாயின் சமற்கிருதத்தின் 'ஹிம', கிரேக்கத்தின் கெய்மோன், இலத்தீனின் ஹியெம்ஸ் ஆகிய இனச்சொற்களுள் சில உறைபனியையும் சில குளிர்காலத்தையும் குறிக்கும்போது, அவற்றிலிருந்து உறைபனியை மட்டும் பிரித்தெடுத்து வாதிடுவதையும் நாம் அதே அளவுகோலால் பார்க்க வேண்டும்.

நூலில் உள்ள இயற்கையும் நூல் தோன்றிய இடமும்

சொற்களைப் போலவே நூல்களின் இயற்கைக் குறிப்புகளும் தாயகச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ரிக் வேதத்தில் சிங்கம் உண்டு, புலி இல்லை, நெல் இல்லை, இவை அதர்வ வேதத்தில் இடம்பெறுகின்றன. இதிலிருந்து வேத மக்கள் வடமேற்கிலிருந்து கிழக்கே கங்கைச் சமவெளி நோக்கி நகர்ந்தனர் எனக் கூறுவர். இது பொருத்தமான விளக்கமே. ஆயினும் ஒரு நூலில் ஒன்று இல்லாமை, அந்நூலார் அதனை அறியாமைக்கு எவ்வளவு சான்று என்பது நூலின் வகையைப் பொறுத்தது. வேள்விப் பாடல் நாட்டின் உயிரினப் பட்டியலன்று. இல்லாமை தனியே நின்றால் மெலிந்த சான்று; பல துறைச் சான்றுகள் அதே திசையைக் காட்டும்போதே அதற்கு மதிப்பு மிகும்.

இருத்தலும் எச்சரிக்கைக்கு உரியது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. மலைநிலத் தலைவியும் தோழியரும் பறித்த பூக்களாக அவை கூறப்படினும், அவற்றுள் தில்லையும் தாழையும் ஞாழலும் நெய்தலும் உள்ளன. இவை கடற்கரைக்குரியவை. குறிஞ்சி நிலத்தில் கழிமுக மரம் வளர்ந்தது என்பது இதன் பொருளன்று. புலவர் அறிந்த ஐந்திணைப் பூக்களும் ஒரு பாட்டில் தொகுக்கப்பட்டன என்பதே பொருள். ஒரு நூலில் வரும் தாவரங்களின் கூட்டம், அந்நூல் கூறும் இடத்தின் தாவரக் கூட்டமாக இருக்க வேண்டியதில்லை.

பருவங்களும் அவ்வாறே. தொல்காப்பிய மரபில் பெரும்பொழுது ஆறு. உரையாசிரியர்கள் ஆவணி, புரட்டாசியைக் காருக்கும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிருக்கும் உரியனவாகப் பகுப்பர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடு வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. கடலோர மாவட்டங்களில் இப்பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. கடலூர்க் கடற்கரையில் பெருமழை காணும் காலம் கூதிரே. மழைக்குரிய முதற்பருவமாகக் கார் கூறப்படுவதைக் கொண்டு, இப்பகுப்பு தென்மேற்குப் பருவமழை மிகுந்த மேற்கு நிலத்தில் தோன்றியது என ஒருவர் வாதிடலாம். நெடுநல்வாடை கூதிர்க்காலத்து மழையையும் வாடையையும் விரிவாகக் காட்டுவதை எடுத்துக்காட்டி மற்றொருவர் மறுக்கலாம். செய்யுள் மரபின் பருவப் பகுப்பு வானிலைப் பதிவேடு அன்று என்பதை இரு வாதங்களும் மறந்துவிடுகின்றன.

பாலகங்காதர திலகர் 1903இல் வெளியிட்ட நூலில் வேதங்களின் நீண்ட விடியல் வருணனைகளையும் தேவர்க்கு ஆறு திங்கள் பகல், ஆறு திங்கள் இரவு என்ற மரபையும் கொண்டு ஆரியரின் முற்காலத் தாயகம் வடதுருவம் என்றார். பரந்த புலமையால் எழுந்த நூல் அது. ஆயினும் புராண மரபை வானிலைக் குறிப்பாகப் படித்ததே அதன் அடிப்படைக் குறை. குறிஞ்சிப்பாட்டின் தில்லையைக் கொண்டு மலையில் கழிமுகத்தைத் தேடுவதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை.

தட்பவெப்பம்: பின்னணியும் காரணமும்

சொற்களைத் தாண்டி, தட்பவெப்ப மாற்றமே மக்கள் இடம்பெயரக் காரணம் என்னும் வாதத்தையும் ஆராய வேண்டும். ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட வறட்சி உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. மேகாலயத்தின் மவ்ம்லூ குகையின் சுண்ணப்படிவை அடிப்படையாகக் கொண்டு 2018இல் 'மேகாலயக் காலம்' எனப் புவியியற்காலப் பிரிவு ஒன்று வரையறுக்கப்பட்டது. அரப்பா நகரங்கள் கி.மு. 1900 அளவில் தளர்ந்தமையை இவ்வறட்சியோடு பலர் இணைக்கின்றனர். பருவமழை குறைந்தமை பின்னணியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு நகரம் தளர்ந்ததை விளக்கும் காரணம், அந்நகரத்தார் பேசிய மொழியை விளக்காது.

காகர்-ஹக்ரா ஆற்றுப்படுகை பற்றிய ஆய்வுகள் இங்கு நினைக்கத்தக்கவை. 2012இலும் 2017இலும் வெளியான ஆய்வுகள், அரப்பா நகரங்கள் தழைத்த காலத்தில் அங்குப் பெரிய இமய ஆறு ஓடவில்லை. பருவமழையே அவ்வாற்றுக்கு நீர் தந்தது என்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன்வரை அது வற்றாத ஆறாக இருந்தது என்றது. ஆற்றின் வரலாறே விவாதத்தில் இருக்கும்போது, அதனைக் கடிகாரமாகக் கொண்டு வேதப் பாடல்களின் காலத்தைக் கணிப்பது உறுதியற்ற முறை.

தாவர மாற்றமெல்லாம் தட்பவெப்ப மாற்றமும் அன்று. பிச்சாவரத்தில் 20ஆம் நூற்றாண்டில் காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் முறை பின்பற்றப்பட்டது. வெட்டிய இடங்கள் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத நிலமாயின. பின்னர் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்டபோது காடு மீண்டது. இதனை அறியாத ஒருவர் அடிமண்ணில் மகரந்தம் குறைந்த படிவைக் கண்டால் அதனை வறட்சியாகப் படிக்கக்கூடும். மண் தரும் சான்றுக்கும் வரலாற்றுப் பதிவின் துணை வேண்டும்.

தாயகக் கருதுகோள்கள்

மேற்கண்ட சோதனைகளிலிருந்து நான்கு நிபந்தனைகள் பெறப்படுகின்றன. சொல்லின் பொருள் கிளைமொழிகளில் நிலைத்திருக்க வேண்டும். பொருளின் அக்காலப் பரவல் மகரந்தம், எலும்பு, படிவு ஆகியவற்றால் தனியே அறியப்பட வேண்டும். அப்பரவல், போட்டியிடும் இடங்களுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்த வேண்டும். பெயர் தானே பயணம் செய்ததன்று எனக் காட்ட வேண்டும்.

மரியா கிம்புதாஸ் 1956 முதல் முன்வைத்த கருங்கடல், காசுப்பியன் புல்வெளிக் கருதுகோள், காலின் ரென்ஃப்ரூ 1987இல் முன்வைத்த அனத்தோலிய உழவர் கருதுகோள், கம்கிரெலிட்சேயும் இவானோவும் 1984இல் முன்வைத்த ஆர்மீனிய மேட்டுநிலக் கருதுகோள் ஆகிய மூன்றும் இந்நிபந்தனைகளின் முன் நிற்க வேண்டும். மரம், மீன், பனி பற்றிய சொற்கள் இம்மூன்றுள் ஒன்றைத் தீர்மானமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவை வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொள்வதைக் கடினமாக்குகின்றன, அதற்குமேல் செல்வதில்லை.

மனிதர் செய்த பொருள்களின் பெயர்கள் இதனினும் உறுதியானவை. சமற்கிருதத்தின் சக்ர, கிரேக்கத்தின் கூக்ளோஸ், ஆங்கிலத்தின் வீல் ஆகியவை சக்கரத்துக்குரிய இனச்சொற்கள். சக்கர வண்டி கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில்தான் தொல்லியலில் தோன்றுகிறது. எனவே இச்சொல் ஒரு காலவரம்பைத் தருகிறது. டேவிட் ஆந்தனி 2007இல் வெளியிட்ட நூலில் இதனை முதன்மைச் சான்றாகக் கொண்டார். ஆயினும் அனத்தோலியக் கிளையின் இத்தைத்து மொழியில் சக்கரத்துக்கு வேறு சொல் உள்ளது. ஆகவே இவ்வரம்பு அனத்தோலியக் கிளை பிரிந்த பின் எஞ்சிய மொழிகளுக்கே முழுமையாகப் பொருந்தும்.

தொன்மரபணு ஆய்வுகள் புதிய சான்றைச் சேர்த்துள்ளன. கி.மு. 3ஆம் ஆயிரத்தாண்டில் புல்வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பெரும் இடப்பெயர்ச்சி நிகழ்ந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கி.மு. 2000 முதல் 1500 வரையிலான காலத்தில் புல்வெளி மரபு தெற்காசியாவுக்கு வந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது; அதே ஆண்டில் ராக்கிகடியின் அரப்பாக் காலப் பெண் ஒருவரின் மரபணுவில் அம்மரபு இல்லை எனவும் வெளியிடப்பட்டது. 2023இல் மொழித்தரவுகளின் கணிப்பு, காக்கசசுக்குத் தெற்கே ஏறத்தாழ 8100 ஆண்டுகளுக்கு முந்திய தொடக்கத்தையும் புல்வெளியை இரண்டாம் பரவல் மையமாகவும் கூறியது. 2025இல் வெளியான மரபணு ஆய்வு காக்கசசு, கீழ் வோல்கா நிலத்தைச் சுட்டியது. மரபணு மொழி பேசுவதில்லை. எனினும் புல்வெளி ஒரு முதன்மைப் பரவல் மையம் என்பதில் இச்சான்றுகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. விவாதம் இப்போது அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றியதாகக் குறுகியுள்ளது. இக்குறுக்கம் மரப்பெயர்களால் நிகழவில்லை; தனித்தனித் துறைகளின் சான்றுகள் ஒன்றையொன்று சோதித்ததால் நிகழ்ந்தது.

தொல் திராவிடத்துக்கு இதே அளவுகோல்

இவ்வளவுகோலை நம் மொழிக்கும் பயன்படுத்துவதே நேர்மை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இயற்கைச் சொற்களின் பெருங்களஞ்சியம். ஃபிராங்க்ளின் சவுத்வொர்த்தும் டோரியன் ஃபுல்லரும் கொள், பயறு, உழுந்து முதலிய பயிர்ப்பெயர்களின் இனச்சொற்களைத் தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களின் தானிய எச்சங்களோடு ஒப்பிட்டனர். கருநாடகத்தின் சங்கனக்கல்லு, ஹல்லூர் போன்ற களங்களில் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் கரிந்த நிலையில் கிடைத்துள்ளன. இங்குச் சொல்லின் பொருள் நிலைத்துள்ளது. பொருளின் அக்காலப் பரவலை அகழாய்வு தனியே தருகிறது. எனவே இது பீச் மர வாதத்தினும் வலிமையானது. 2018இல் வெளியான மொழித்தரவுக் கணிப்பு திராவிடக் குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என்றது. புதிய கற்காலத் தொடக்கத்தோடு இது பொருந்துகிறது. ஆனால் பயிரும் பயிர்ப்பெயரும் ஒரு மொழிக்குழுவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியவை என்பதால், பெயர்ப் பயணம் பற்றிய நான்காம் நிபந்தனை இங்கும் முழுதும் நிறைவேறவில்லை.

கடல்கொண்ட நிலம் பற்றிய மரபுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை நெருங்கியது. கடலோர நிலங்கள் மூழ்கியது உண்மை. ஆனால் லெமூரியா என்பது 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் விலங்குகளின் பரவலை விளக்க இட்ட பெயர். புவித்தட்டுக் கோட்பாட்டுக்குப் பின் அறிவியல் அதனைக் கைவிட்டது. கடற்கரை இழப்பின் நினைவு என்ற அளவில் உரையாசிரியர் குறிப்புகளை ஆராயலாம். கண்டம் ஒன்றின் சான்றாக ஆக்குவது திலகரின் துருவத் தாயகத்தை ஒத்த செயலாகும்.

முடிவுரை

புவியியலும் தட்பவெப்பமும் தாயக ஆய்வில் நீக்கும் ஆற்றல் உடையவை. நிறுவும் ஆற்றல் குறைந்தவை. பொருந்தாத இடங்களை அவை விலக்கும்; எஞ்சிய இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தொல்லியலும் மரபணுவியலும் ஒலிமாற்ற ஆய்வும் வேண்டும். இந்தோ-ஐரோப்பியத் தாயகம் இந்தியாவில் இருந்தது என்போரும் ஐரோப்பாவில் இருந்தது என்போரும் கடந்த நூற்றாண்டில் இயற்கைச் சொற்களைத் தத்தம் விருப்பத்துக்கேற்ப வளைக்க முடிந்தது, அச்சொற்களின் அக்காலப் பொருளும் பரவலும் தனியே சோதிக்கப்படாமையால்தான்.

தில்லை அத்தகைய சோதனைக்கு ஏற்ற களமாக இன்றும் உள்ளது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய குளங்களிலும் தாழ்நிலங்களிலும் அடிமண் எடுத்து மகரந்தத்தையும் காலத்தையும் கணித்தால், தில்லைக் காடு எப்போது இருந்தது, எப்போது வயலானது என்பதைப் பெயரோடு ஒப்பிட முடியும். 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் உயராய்வு மையமும், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையமும் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு மகரந்த ஆய்வில் நீண்ட மரபு உண்டு. இம்மூன்றும் ஒரே கடற்கரையில் அமைந்தவை. ஒரு சொல்லின் வயதுக்கும் அது குறித்த காட்டின் வயதுக்கும் உள்ள இடைவெளியை ஓரிடத்திலேனும் அளந்து அறிந்தால், அளக்க இயலாத மூலமொழிச் சொற்களில் எவ்வளவு ஐயம் வைக்க வேண்டும் என்பதற்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.